வருமான வரியை ஒழித்தால் யார் கட்டுவது?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் மகனோ மகளோ இருக்கிற வீடுகளில் இந்தப் பேச்சு ஒரு முறையாவது அடிபட்டிருக்கும். "கலிபோர்னியாவை விட்டு டெக்சாஸ் போகிறோம்பா, அங்கே மாநில வருமான வரி கிடையாது." அந்த நாட்டில் சம்பளத்தில் மத்திய அரசு ஒரு வருமான வரி பிடிக்கும், பெரும்பாலான மாநிலங்கள் தனியாக இன்னொன்று பிடிக்கும். டெக்சாஸ், புளோரிடா, டென்னசி, நெவாடா, அலாஸ்கா போன்ற சில மாநிலங்களில் மட்டும் அந்த இரண்டாவது பிடித்தம் இல்லை. எங்களுக்கும் அது வேண்டாம் என்று இப்போது வேறு சில மாநிலங்களும் கிளம்பியிருக்கின்றன.

வகுப்பு எடுத்த காலத்திலிருந்து நான் விடாமல் கேட்கிற கேள்வி ஒன்றுதான். ஒரு வரி போகிறது, சரி. அதன் இடத்துக்கு எது வருகிறது? வீட்டில் என் பேரப்பிள்ளைகளே இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள்.

ஒழிக்கச் சொல்கிறவர்களின் வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. உழைப்புக்கு வரி போட்டால் உழைக்கிறவர் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடுவார், அதற்கு விசா வேண்டாம், சாமான் ஏற்ற ஒரு லாரி போதும் என்கிறார்கள். உண்மைதான், டெக்சாஸுக்கும் புளோரிடாவுக்கும் லட்சக்கணக்கில் ஆட்கள் போயிருக்கிறார்கள். அங்கே வீடு மலிவு, வேலையும் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லாப் புகழும் வரிக்கே போகக் கூடாது.

போனவர்களிடம் சொத்து வரி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். டெக்சாஸின் பல ஊர்களில் வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தை ஒட்டி வருகிறது. 5 லட்சம் டாலர் வீடு என்றால் வருடத்துக்கு 10 ஆயிரம் டாலர். சம்பளம் வந்தாலும் கட்ட வேண்டும், வேலை போனாலும் கட்ட வேண்டும். டென்னசியில் விற்பனை வரி. மாநிலத்துக்கு மட்டும் 7 சதவீதம், அதன்மேல் உள்ளூர் வரி. புளோரிடாவுக்குச் சுற்றுலாப் பயணிகள், நெவாடாவுக்குச் சூதாட்ட விடுதிகள். வெளியூர்க்காரர் கட்டுவதால் உள்ளூர்க்காரருக்குப் பாரம் கொஞ்சம் குறைகிறது. அந்த வசதி இல்லாத மாநிலம் என்ன செய்யும்?

மிசிசிப்பி கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஏழை மாநிலங்களில் ஒன்று. 1912 முதல் அங்கே வருமான வரி உண்டு. 2025இல் கீழவை வேகமாக ஒழிக்க வேண்டும் என்றது. மேலவை மெதுவாகப் போகலாம் என்றது. 2030க்குள் 3 சதவீதமாகக் குறைப்போம், அதற்குப் பிறகு கஜானாவில் போதிய உபரி இருந்தால் மட்டும் மேற்கொண்டு குறைப்போம் என்று ஒரு கடிவாளம் போட்டது. வரியை ஒரு சதவீதப் புள்ளி குறைத்தால் அரசுக்கு எவ்வளவு வருமானம் போகுமோ, அதில் 85 சதவீதமாவது உபரி இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் மசோதாவில் அச்சானது என்ன தெரியுமா? 0.85 சதவீதம். ஒரு தசமப் புள்ளி! நூறில் ஒரு பங்கு உபரி இருந்தாலே கடிவாளம் கழன்றுவிடும். மேலவை அதை அப்படியே நிறைவேற்றிவிட்டது. கீழவைக்காரர்கள் விடுவார்களா? தங்களுக்கு வேண்டியது புள்ளியோடு வந்து சேர்ந்ததே என்று சத்தமில்லாமல் நிறைவேற்றி அனுப்பினார்கள். ஆளுநர் டேட் ரீவ்ஸ் மார்ச் மாதம் கையெழுத்தும் போட்டார். ஒரு மாநிலத்தின் நூறு வருடத்து வரி, தட்டச்சுப் பிழையால் வேகமாகப் போகும் வழி திறந்துவிட்டது.

இப்போது என் பழைய கேள்வி. அதன் இடத்துக்கு எது வருகிறது? அதே சட்டத்தில் பெட்ரோல் வரி மூன்று தவணையாக கேலனுக்கு 9 சென்ட் ஏறுகிறது. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மளிகைச் சாமான் மீதான வரியை 7இலிருந்து 5ஆகக் குறைத்தார்கள். ஆனாலும் பாருங்கள், அங்கே முதல் 10 ஆயிரம் டாலர் வருமானத்துக்கு ஏற்கெனவே வரி இல்லை. அந்த அளவே சம்பாதிக்கிற பாட்டிக்கு வருமான வரி ஒழிந்தால் ஒரு சென்ட்கூட மிச்சமில்லை. பெட்ரோல் போட்டால் மட்டும் கூடுதலாகக் கொடுப்பார். பெரிய சம்பளக்காரருக்கோ நல்ல லாபம். ஆகவேதான், மாற்று வருமானம் கையில் இல்லாமல் இந்த வரியை ஒழிக்கக் கூடாது என்கிறேன்.

நேரமாகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். கான்சாஸை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 2012இல் ஆளுநர் பிரவுன்பேக் வரியைப் பூஜ்யத்தை நோக்கிக் கொண்டுபோகிறேன் என்று பெரிதாகக் குறைத்தார். சொன்ன வளர்ச்சி வரவில்லை, கஜானாவில் துண்டு விழுந்தது. 2017இல் அவருடைய கட்சிக்கே பெரும்பான்மை இருந்த சட்டமன்றம், அவர் வீட்டோவை, அதாவது மறுப்பை, மீறி வரியைத் திரும்ப ஏற்றியது.

அலாஸ்கா 1980இலேயே ஒழித்தது. அங்கே எண்ணெய்ப் பணம் இருந்தது. 1982 முதல் குடிமக்களுக்கு வருடாவருடம் பங்கும் கொடுத்தார்கள். எண்ணெய் விலை சரிந்ததும் 2016இல் அந்தப் பங்கு பாதிக்கு வெட்டுப்பட்டது, வருமான வரியைத் திரும்பக் கொண்டுவரலாமா என்ற பேச்சும் எழுந்தது. மிச்சத்தை இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன். வணக்கம்.