அந்த நரம்பின் பெயர் அவளுக்குத் தெரியும்

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு அனாடமி, அதாவது உடற்கூறியல், சொல்லிக்கொடுப்பது என் வேலை. இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. இன்று பேச அழைத்தவர்கள் மாணவர்களின் மனநலம் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒரு விஷயம்தான். அதை டிசெக்‌ஷன் ஹாலில், அதாவது இறந்தவர்களின் உடலை அறுத்துப் படிக்கும் கூடத்தில், நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

வகுப்புகள் தொடங்கி மூன்றாவது வாரம். கையை அறுத்துப் பார்க்கும் பாடம். ஒரு மேஜையைச் சுற்றி மாணவர்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் கையில்தான் கத்தியும் ஃபார்செப்ஸும் இருக்கும். ஒரு மாணவி எப்போதும் பின்வரிசையில், மற்றவர்களின் தோள்களுக்கு நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மற்றவர்களின் கோட்டில் கறை படிந்து ஃபார்மலின் வாடை ஏறியிருக்கும். இவள் கோட்டு மட்டும் தேய்த்த மடிப்பு கலையாமல் இருக்கும். அன்று முழங்கைக்குப் பின்னால் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பைத் தூக்கிக் காட்டி, "இது என்ன, சொல்லும்மா" என்று அவளைக் கேட்டேன். முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள். "மேம், நான் செவன் பாயிண்ட் ஃபைவ்ல வந்தவ."

நான் கேட்டது நரம்பின் பெயரை.

செவன் பாயிண்ட் ஃபைவ் என்றால் பெற்றோர்கள் பலருக்குத் தெரியும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் தரலாம் என்றது. 7.5 என்று முடிவாகி, 2020 அக்டோபர் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், நீட் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த ஒதுக்கீடு வந்த முதல் வருடம், பல் மருத்துவத்தையும் சேர்த்து, சுமார் 400 இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. அப்படி ஓர் இடத்தில் வந்தவள் இந்த மாணவி.

தான் இருக்கும் இடத்துக்குத் தனக்குத் தகுதி இல்லை, ஏதோ தவறு நடந்து உள்ளே வந்துவிட்டோம், ஒருநாள் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற இந்தப் பயத்தை இப்போது இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்கிறார்கள். அதை முதலில் ஆராய்ந்து எழுதியவர்கள் அமெரிக்காவின் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள். ஆண்டு 1978. படிப்பிலும் வேலையிலும் நல்ல நிலைக்கு வந்திருந்த 150க்கும் மேற்பட்ட பெண்களிடம் இதைப் பார்த்தார்கள். சேர்க்கைக் குழு ஏதோ பிழை செய்துதான் தங்களுக்கு இடம் கொடுத்துவிட்டது என்று நம்பிய மாணவிகளும் அவர்களில் உண்டு. அவர்கள் இதை சிண்ட்ரோம் என்று சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'நிகழ்வு' என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். நோய்ப் பெயராக மாறியது பிறகுதான்.

எனக்கு அந்த நோய்ப் பெயர்மீது வருத்தம் உண்டு. சிண்ட்ரோம் என்று சொன்னவுடன் கோளாறு அந்தப் பெண்ணின் தலைக்குள் இருப்பதாக ஆகிவிடுகிறது. கவுன்சலிங்குக்கு அனுப்பு, மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடு, தன்னம்பிக்கை வகுப்பு நடத்து என்று போய்விடுகிறோம். ஆனால் அவளாக யோசித்து அந்த முடிவுக்கு வரவில்லை. விடுதியில் பெட்டியை இறக்கி வைத்த அன்றே, "உன் ஸ்கோர் எவ்வளவு? எந்தக் கோட்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். பெயரைக் கேட்பதற்கு முன்னால். அடுத்த வாரம் ஓர் ஆசிரியர் வகுப்பிலேயே, "கோட்டாவில் வந்தவர்கள் கையைத் தூக்குங்கள், உங்களுக்குத் தனி வகுப்பு" என்றிருக்கிறார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் தூக்கிய கையை அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்பதற்காக எப்படித் தூக்கும்?

இதை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. 1991ல் நானும் இப்படித்தான் வந்தேன். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். அப்பா அரிசி ஆலையில் நெல் மூட்டைகளை எடை போடுபவர். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டியலில் என் பெயர் இடஒதுக்கீட்டில் இருந்தது. முதல் வருடத்தில் ஒருவர் என்னிடம், "நீ வந்ததால நல்லா படிச்ச ஒரு பிள்ளைக்கு சீட் போச்சு, அதையாவது ஞாபகம் வெச்சுப் படி" என்றார். முகம் தெரியாத அந்தப் பிள்ளையை நான் வருடக்கணக்கில் சுமந்தேன். தேர்வில் தேறினால் அது அதிர்ஷ்டம். ஒரு தாளில் மதிப்பெண் குறைந்தால், பார்த்தாயா, அந்தப் பிள்ளையாக இருந்தால் எழுதியிருக்கும் என்று தோன்றும். மேல்படிப்பு முடித்து வேலைக்கு வந்த பிறகும் அது போகவில்லை.

சரி, அந்த 'நல்லா படிச்ச பிள்ளை' யார்? எதை வைத்து அதை முடிவு செய்கிறோம்? நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

நம் மாநிலத்தில் மருத்துவப் படிப்புக்குத் தகுதியை அளக்கும் அளவுகோல் பலமுறை மாறியிருக்கிறது. 1970ல் நேர்முகத் தேர்வு இருந்தது. அதற்கு மட்டும் 75 மதிப்பெண். உச்ச நீதிமன்றம் வரை போன விவகாரம் அது. 1984ல் நுழைவுத் தேர்வு வந்தது. நான் சேர்ந்த காலத்தில் ப்ளஸ் டூ மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வையும் கூட்டி 300க்குக் கட் ஆஃப் போட்டார்கள். 2007ல் நுழைவுத் தேர்வு போய், ப்ளஸ் டூ மதிப்பெண் மட்டும் என்றானது. 2017ல் நீட் வந்தது. ஒரு வீட்டில் 2016ல் ப்ளஸ் டூ முடித்த அக்காவும் 2017ல் முடித்த தங்கையும் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பள்ளி, ஒரே ஆசிரியர்கள், ஒரே மதிப்பெண். அக்கா தகுதியானவள், டாக்டர். தங்கைக்குத் தகுதி போதவில்லை. அந்த ஒரு வருடத்தில் அவர்களுடைய மூளையில் என்ன மாறியது?

நீட் வந்த பிறகு நடந்ததை நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021ல் கணக்கெடுத்தது. 2016–17ல் மருத்துவம் சேர்ந்தவர்களில் முந்தைய வருடங்களில் ப்ளஸ் டூ முடித்துவிட்டு வந்தவர்கள் 12.47 சதவீதம். 2020–21ல் அது 71.42 சதவீதம். அதாவது நூறில் எழுபது பேருக்கு மேல் ஒரு வருடமோ இரண்டு வருடமோ வீட்டில் அல்லது கோச்சிங் சென்டரில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பதினெட்டு வயதில் நண்பர்கள் எல்லாம் கல்லூரிக்குப் போக, நாள் முழுக்க அதே 180 கேள்விகளுக்குப் பயிற்சி எடுப்பது பெரிய தவம். ஆனால் அந்தத் தவத்துக்குச் சோறு போட ஒரு வீடு வேண்டும். கோச்சிங் கட்டணம் வேண்டும். மகள் இரண்டு வருடம் சம்பாதிக்காமல் இருந்தாலும் அடுப்பு எரிய வேண்டும்.

அப்பா நெல் மூட்டையைத் தராசில் ஏற்றியதும் முள் காட்டுவதை எழுதிவிடமாட்டார். முதலில் கையை மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு ஈரம் பார்ப்பார். பிறகுதான் பென்சிலை எடுப்பார். நீட்டில் 720க்கு 610 என்றால் அது 610தான், அதை மதிக்கிறேன். ஆனால் அந்த எண்ணுக்குள் எத்தனை வருடம் இருக்கிறது, எவ்வளவு பணம் இருக்கிறது, சாயங்காலம் வீட்டில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகாத எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று யாரும் கைவிட்டுப் பார்ப்பதில்லை. ரிப்பீட்டராக வந்தவரிடம் "நீ எத்தனாவது தடவை?" என்று விடுதியில் கேட்டு மட்டம் தட்டுவதில்லை. நிர்வாக ஒதுக்கீட்டில் வருடத்துக்குப் பல லட்சம் கட்டிச் சேர்ந்தவர், "நான் இங்கே இருக்கலாமா" என்று கேட்டு என் அறைக்கு வந்ததே இல்லை. வர வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை. இந்தக் கேள்வி ஏன் ஒரே பக்கத்துப் பிள்ளைகளின் தலையில் மட்டும் விழுகிறது என்றுதான் கேட்கிறேன்.

2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீதத்தைச் செல்லும் என்று சொன்ன தீர்ப்பில், போட்டித் தேர்வில் வாங்கும் மதிப்பெண்ணோடு தகுதியைச் சுருக்கிவிட முடியாது என்றது. எங்கள் கல்லூரி கேன்டீனுக்கு அந்தத் தீர்ப்பு எட்டவில்லை. அடுத்த வருடம், முதுநிலை நீட்டுக்கு வேண்டிய பெர்சன்டைலை, அதாவது மற்றவர்களோடு ஒப்பிட்டுப் போடும் தரநிலையை, காலி இடங்களை நிரப்புவதற்காகப் பூஜ்ஜியம் வரை இறக்கினார்கள். அதில் வந்தவர்களையும் எங்கள் பிள்ளைகளிடம் பேசுவது போல் யாரும் பேசவில்லை.

இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி ஒன்று உண்டு. "நாளைக்கு எனக்கு ஆபரேஷன் செய்யப்போவது யார்? உயிர் விஷயம் இல்லையா?" நியாயமான பயம், பதில் சொல்கிறேன். சேர்க்கையில்தான் ஒதுக்கீடு. தேர்ச்சியில் இல்லை. பல்கலைக்கழகத் தேர்வில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், தேற வேண்டிய மதிப்பெண்ணும் ஒன்றுதான். நான் விடைத்தாள் திருத்தப் போகும்போது தாளில் பெயர் இருக்காது, பதிவு எண்ணும் இருக்காது, டம்மி நம்பர் மட்டும்தான். கோட்டா தெரியவே தெரியாது. ஒருமுறை ஒரு தாளில் கை நரம்புகளின் படம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அறையில் உட்கார்ந்து திருத்தித் திருத்தித்தான், முகம் தெரியாத அந்தப் பிள்ளையை நான் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைத்தேன்.

அதற்காக எல்லாப் பிள்ளைகளும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வருபவர்களுக்கு முதல் ஆறு மாதம் மிகவும் கடினம். பாடம் கடினமாக இருப்பதால் இல்லை, ஆங்கிலம்தான் காரணம். ஒரு பக்கத்தைப் படிக்க மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் என்றால் இவர்களுக்கு நாற்பது நிமிடம். "நீயும் சமம்தான்" என்று தோளில் தட்டினால் அந்த நாற்பது நிமிடம் குறையாது. உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் சாயங்காலம் ஒரு மணி நேரம், முதலில் தமிழில், அப்புறம் அதையே ஆங்கிலத்தில் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் வரலாம். கையைத் தூக்கச் சொல்வதில்லை. ரிப்பீட்டர் பிள்ளைகளும் வந்து உட்காருகிறார்கள்.

அந்த மாணவிக்கு வருகிறேன். அன்று வகுப்பு முடிந்ததும், அவள் பக்கத்தில் நின்ற இன்னொரு பெண் என் அறைக்கு வந்தாள். நல்ல ஸ்கோரோடு, பெரிய பள்ளியிலிருந்து வந்தவள். "மேம், அவளுக்கு அந்த நரம்பு தெரியும். முந்தின நாளே எங்களுக்குச் சொன்னா. கதவுல முழங்கை இடிச்சா சுண்டுவிரல் வரைக்கும் சுர்ருன்னு கரண்ட் பாயுமே, அதுதான் அல்நார் நர்வ்னு. எங்க பேட்ச்ல யாருக்கும் இப்ப அது மறக்காது." சொல்லிவிட்டு, தான் ஏதோ தப்பு செய்ததைப் போல நின்றாள். "நான்தான் மேம் அவகிட்ட முதல் நாள் ஸ்கோர் கேட்டேன்."

மறுநாள் நான் அந்தப் பெண்ணிடமோ இவளிடமோ எதுவும் பேசவில்லை. ஃபார்செப்ஸை மட்டும் எடுத்து இவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது முன்வரிசையில் இருந்தாள். கோட்டில் கறை பட்டிருந்தது.

இப்போது அவள் மூன்றாம் ஆண்டு. வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, என்றால் இன்னமும் கை நடுங்குகிறது என்கிறாள். போன வாரம் விடுதிப் பக்கம் போனபோது விசாரித்தேன். அவளுடைய எலும்பு செட், போன் பாக்ஸ் என்போமே, அது புதிதாக வந்த இரண்டு முதலாமாண்டுப் பெண்களிடம் இருக்கிறதாம். இரவு பத்து மணிக்கு மேல் மூன்று பேரும் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு படிக்கிறார்களாம். அவர்கள் எந்தக் கோட்டா என்று அவள் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை.

வணக்கம்.