வேலிப் பொட்டால் வந்த வடை

நடுவர் ஐயா, எதிரணி அண்ணன்மாரே, அக்காமாரே, என் அணித் தோழர்களே, பாயும் சாக்கும் விரித்துக் குந்தியிருக்கிற என் ஊர்ச் சனமே, எல்லோருக்கும் வணக்கம். வணக்கம் இவ்வளவு காணும். ஐயா தந்த நேரம் கொஞ்சம்தான்.

"மனிதருக்கு மகிழ்ச்சி தருவது கை நிறைந்த காசா, காது நிறைந்த நல்ல பேச்சா?" இதுதான் தலைப்பு. நாங்கள் பேச்சின் பக்கம். எங்கள் அணியில் முதல் பேசிய இரண்டு பேரும் நியாயங்களை வடிவாக எடுத்து வைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்ததை நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் போய் உட்காருவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். "வாயால் வடை சுட்டு எவனுக்காவது வயிறு நிறைந்ததா?" நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். கச்சான் கடையடியில் நிற்கிற தம்பிமார் விசிலும் அடித்தீர்கள். சரி. தாளை மடித்து வைக்கிறேன். வடையைப் பற்றியே பேசுவோம்.

அண்ணன், வாயால் சுட்ட வடையை நான் சாப்பிட்டிருக்கிறேன். உளுந்து வடை. வவுனியா உளுந்து. ஒரு தட்டில் ஏழு வடை வந்தது. அந்த ஏழும் எப்படிச் சுடுபட்டது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

இரணைமடு வாய்க்கால் ஓடுகிற பக்கம், ஒரு ஒழுங்கையில் அடுத்தடுத்து இரண்டு வளவு. இந்த வளவில் ஒரு ஆச்சி. அந்த வளவில் அவருடைய ஒன்றுவிட்ட மச்சாள். போர் முடிந்த 2009இல் இரண்டு பேரும் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் ஒரே தறப்பாளுக்குக் கீழே கிடந்தவர்கள். ஒரு பானைக் கஞ்சியை இரண்டு குடும்பமும் பங்கிட்டுக் குடித்தது. ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தால் வளவு முழுக்கப் பற்றை. பழைய வேலி எங்கே நின்றது, எல்லைக் கல் எங்கே போனது, ஒருவருக்கும் தெரியாது. புதுக் கதியால் போட்டார்கள். அது ஒரு சாண் இஞ்சாலே வந்துவிட்டது என்றார் ஆச்சி. இல்லை, அரைச் சாண் அங்காலேதான் போயிருக்கிறது என்றார் மச்சாள். அவ்வளவுதான். ஷெல்லடியும் பசியும் பிரிக்காத இரண்டு மனுசிகளை ஒரு பூவரசங் கதியால் பிரித்துவிட்டது.

அந்த வேலியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. உப்பு முடிந்தால், நெருப்புப் பெட்டி முடிந்தால் கை நீட்டி வாங்குகிற பொட்டு. ஆச்சி அதைத் தகரத்தால் மூடி, கட்டுக் கம்பி போட்டு முறுக்கிவிட்டார். எட்டு வருடம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒருவர் போகிற வானில் மற்றவர் ஏற மாட்டார். செத்த வீட்டில் ஒருவர் தலைமாட்டில் இருந்தால் மற்றவர் கிணற்றடியில் நிற்பார். சிரிக்கிறீர்கள். உங்கள் ஒழுங்கையிலும் இப்படி ஒரு வேலி இருப்பது எனக்குத் தெரியும்.

எட்டாம் வருடம் ஒரு பின்னேரம். ஆச்சியின் பேரன் உயர்தரம் படிக்கிற பொடியன். ஆங்கிலம் கேட்டுப் பழகச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சொன்னதால் போனில் ஒரு பேச்சைப் போட்டான். ஆச்சி பக்கத்தில் சுளகு வைத்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். பேசியவர் ரொபர்ட் வால்டிங்கர், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிற மனநல மருத்துவர். சின்னச் சின்னப் பேச்சுகளுக்குப் பேர்போன டெட் அமைப்பின் பெயரில் நடக்கிற டெட்எக்ஸ் மேடை ஒன்றில் 2015இல் பேசிய பேச்சு. அந்த மேடையில் வழக்கமாக 18 நிமிடம்தான் எல்லை. இவர் 13 நிமிடத்துக்குள் முடித்திருக்கிறார்.

எங்கள் கோயில்களில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றவர் அதன் பொருளை விளக்கிப் பயன் சொல்லுவார் அல்லவா? அன்றைக்கு அந்தத் திண்ணையிலும் அதுதான் நடந்தது. அமெரிக்காக்காரர் படித்தார். பொடியன் நிற்பாட்டி நிற்பாட்டிப் பயன் சொன்னான்.

1938இல் தொடங்கிய ஆய்வு, ஆச்சி. 724 ஆண்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஒரு பகுதி ஹாவார்ட் மாணவர்கள். மற்றப் பகுதி பொஸ்ரன் நகரத்தின் மிக ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த பொடியன்கள். ஆச்சி உடனே கேட்டார்: "அதிலை பொம்பிளையள் எத்தினை?" ஒருவரும் இல்லை, மனைவிமாரைப் பிறகுதான் சேர்த்தார்கள் என்றான். "ஆம்பிளையளிட்டை மட்டும் கேட்டு என்னத்தைக் கண்டுபிடிச்சவங்கள்?" என்றார் ஆச்சி. இந்தப் பக்கம் இருக்கிற அக்காமார் கை தட்டுங்கள், அது ஆச்சிக்குச் சேர வேண்டிய கைதட்டு.

கண்டுபிடித்ததையும் பொடியன் சொன்னான். காசு இல்லை, பேர் புகழ் இல்லை, மாய்ந்து மாய்ந்து வேலை செய்ததும் இல்லை. நல்ல உறவு உள்ளவர்கள்தான் சந்தோசமாகவும் சுகமாகவும் இருந்திருக்கிறார்கள். அந்தப் பேச்சு நடந்த நேரம் 724 பேரில் ஏறக்குறைய 60 பேர் உயிரோடு இருந்தார்கள், அநேகம் பேருக்கு 90 வயது தாண்டி. 50 வயதில் ஒரு மனிதருக்கு எவ்வளவு கொலஸ்ட்ரோல் இருந்தது என்பதை விட, அவர் தன் உறவுகளோடு எவ்வளவு திருப்தியாக இருந்தார் என்பதுதான் 80 வயதில் அவருடைய சுகத்தைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. ஆச்சி மாதாமாதம் கிளினிக்குக்குப் போகிறவர், பிறஷருக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் குளிசை எடுக்கிறவர். கை அப்படியே நின்றுவிட்டது.

கடைசியில் அந்த மனிதர் ஒரு விசயம் சொல்லுகிறார். வருடக்கணக்காகப் பேசாமல் இருக்கிற சொந்தக்காரர் யாரும் இருந்தால் அவரோடு போய்ப் பேசுங்கள், பகையைப் பிடித்து வைத்திருக்கிறவருக்குத்தான் அதன் கேடு வந்து விழுகிறது என்கிறார். பொடியன் அதைத் தமிழில் சொன்னான். ஆச்சி சுளகை நிலத்தில் வைத்தார்.

"அதைத் திருப்பிப் போடு."

போட்டான்.

"இன்னொருக்கால் போடு."

மூன்று தரம் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனார். அன்றைக்கு இரவு உளுந்து ஊறப் போட்டார்.

காலமை வடை சுடுகிற மணம். பொடியன் தனக்கென்று நினைத்துக்கொண்டு முகம் கழுவி வந்தான். ஆச்சி தட்டில் ஏழு வடையை எடுத்து வைத்து, வாழை இலையால் மூடி, "அந்தக் குறட்டை எடுத்துக்கொண்டு வா" என்றார். வேலியடிக்குப் போனார்கள். கம்பி எட்டு வருடத் துரு. குறடு வழுக்குகிறது. ஒரு முறுக்கு அவிழ்ந்தது. இரண்டாவது அவிழவில்லை. பொடியன், "ஆச்சி, படலையாலை சுத்திப் போவம்" என்றான். "படலையாலை சொந்தமில்லாத ஆக்களும் போவினம், நீ கம்பியைக் கழட்டு" என்றார். மூன்றாவது முறுக்கில் கம்பி முறிந்தது. தகரம் படாரென்று விழுந்தது.

அங்காலே மச்சாள் நிற்கிறார். கையில் விளக்குமாறு.

இரண்டு பேரும் பேசவில்லை. ஆச்சியின் கையில் தட்டு ஆடுகிறது. வாழை இலை காற்றில் எழும்ப, மச்சாளின் கண் வடையில் விழுந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு அவர் வாயில் இருந்து வந்த முதல் சொல் என்ன தெரியுமா?

"உப்புக் காணுமோ?"

ஆச்சி சொன்னார்: "திண்டு பாத்துச் சொல்லன்."

நடுவர் ஐயா, அந்த ஏழு வடையில் ஒன்று எனக்கு வந்தது. விளக்குமாற்றோடு நின்ற அந்த மச்சாள் என்னுடைய அம்மம்மா.

இதே கதையை அம்மம்மா சொன்னால் வேறு மாதிரி வரும். தகரம் விழுந்த சத்தத்துக்கு நாய்தான் பூந்துவிட்டது என்று நினைத்து விளக்குமாறு எடுத்தாராம், ஆச்சிக்கு அடிக்க இல்லையாம். உப்பைப் பற்றி ஏன் கேட்டீர்கள் என்றால், "வேறை என்னத்தைக் கேக்கிறது, எட்டு வரியமாய் ஒண்டும் யோசிச்சு வைக்கேல்லையே" என்பார். இன்னொன்றும் ஒருநாள் சொன்னார். அந்த எட்டு வருடமும் விடியப்புறம் எழும்பி வேலியோரம் நிற்பாராம். அங்காலே ஆச்சி இருமுகிற சத்தம் கேட்ட பிறகுதான் வந்து தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பாராம். சத்தம் கேட்கப் பிந்தினால் அடுப்பும் பிந்தும். இதைச் சொல்லும்போது அம்மம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

இப்போது எதிரணி அண்ணனிடம் கேட்கிறேன். அந்த வீட்டில் எட்டு வருடமும் உளுந்து இருந்தது. எண்ணெய் இருந்தது. குறடு இருந்தது. இருமலுக்குக் காது கொடுக்கிற அன்பும் வேலிக்கு அங்காலே இருந்தது. உங்கள் கட்சிப்படி எல்லாம் கையில் இருந்ததே. ஏன் வடை சுடுபடவில்லை? எங்கேயோ ஒரு மேடையில் ஒருவர் பேசிய பேச்சு திண்ணை வரைக்கும் வந்து சேர்ந்த பிறகுதான் உளுந்து தண்ணீருக்குள் விழுந்தது. வாயால் சுட்ட வடை அது. என் வயிறு நிறைந்தது, அண்ணன்.

எதிரணி அக்கா ஒருவர், கிழமைக்குக் கிழமை லோன் கட்டுகிற பெண்ணுக்குப் பேச்சுக் கேட்க எங்கே நேரம் என்று கேட்டார். அதைக் கேட்டு எனக்கு வலித்தது, ஏனென்றால் அது உண்மை. பேச்சு தவணை கட்டாது. ஆனால் தவணைக்காரர் படலையில் நிற்கும்போது உள்ளே ஒளித்திருக்கிறவளுக்கு, "நான் இருக்கிறன், வெளியிலை வா" என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த வாய் இல்லாமல் போன வீடுகளை இந்த மண்ணில் நாங்கள் பார்த்திருக்கிறோம். இதற்கு மேல் அதைப் பற்றி நான் பேச மாட்டேன்.

2013இல் டெட் அமைப்பின் இன்னொரு மேடையில் டேவிட் ஸ்டைன்டல் ராஸ்ட் என்ற வயதான துறவி பேசினார். ஆபிரிக்காவில் குடிதண்ணீர் இல்லாத இடத்தில் இருந்துவிட்டு வீடு திரும்பியபோது, குழாயைத் திறக்கும்போதெல்லாம் அவருக்கு மனம் நிறைந்ததாம். கொஞ்ச நாளில் அது பழகிப்போய்விட்டது. மறக்கக் கூடாது என்று குழாயிலும் லைற் சுவிச்சிலும் துண்டு ஒட்டி வைத்தாராம். இதைக் கேட்டபோது எனக்கு முகாமில் கான் தூக்கிக்கொண்டு நின்ற தண்ணீர் வரிசை ஞாபகம் வந்தது. என் வீட்டுக் கிணற்றுக் கப்பியில் இப்போது ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, தெரியும். இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் என்னால் இறங்க ஏலாது.

முகாமுக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. புழுதியும் தறப்பாளும்தான். அந்த மாதங்களில் எங்கள் அம்மா கதைப்பதை நிற்பாட்டியிருந்தார். கேட்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான். ஒருநாள் ஒரு ரீச்சர் கொட்டில் கொட்டிலாக வந்து பிள்ளைகளைக் கூப்பிட்டார். நாற்பது பேரளவில் போய் நிலத்தில் இருந்தோம். கொப்பி இல்லை, பென்சில் இல்லை, பலகை இல்லை. ரீச்சர் கட்டியிருந்தது முதல் நாளும் கட்டியிருந்த சீலை. எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேசினார். ஒரு நிமிடம்கூட வராது.

"பிள்ளையள், உங்களுக்கு வீடு தர என்னாலை ஏலாது. கொப்பி தரவும் ஏலாது. நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு நான் இதிலை நிப்பன். நீங்களும் வாங்கோ."

நாளைக்கு. எத்தனையோ மாதமாக எங்கள் வாயில் இல்லாமல் போயிருந்த சொல். ஓடிப்போய் அம்மாவிடம், "நாளைக்கு எனக்குப் பள்ளிக்கூடம்" என்றேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். அடுத்த நாள் விடிய என்னை முன்னால் இருத்தித் தலை இழுத்தார். ரிப்பன் இல்லை. தன் சீலைக் கரையைக் கிழித்து இரண்டு துண்டாக்கி இரட்டைப் பின்னல் கட்டினார். பின்னால் இருந்து கட்டியதால் முகம் எனக்குத் தெரியவில்லை. வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தது மட்டும் கேட்டது.

அந்த ரீச்சர் இன்றைக்கு இங்கே இருக்கிறார். முன் வரிசையில், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு. பார்வை கொஞ்சம் குறைவு, யார் பேசுகிறது என்று பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ரீச்சர், நான்தான். வந்திருக்கிறேன்.