ஃபாதர்கள் நடத்தும் சின்னக் கல்லூரி

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் என் செல்போனுக்கு ஓய்வே கிடையாது. பாலக்கோடு, அரூர், காரிமங்கலம் என்று எங்கிருந்தோ பேசுவார்கள். சொந்தக்காரர்கள் பாதி, சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தவர்கள் பாதி. கேட்பது ஒன்றைத்தான். "ஏம்மா, பாப்பாவுக்கு கவர்ன்மென்ட் காலேஜ்ல சீட்டு கிடைக்கல. பக்கத்துல ஃபாதருங்க நடத்துற காலேஜ் ஒண்ணு இருக்குது. சின்ன காலேஜுதான். சேர்க்கலாமா?" அப்படி ஒரு கல்லூரியில் பி.காம். படித்தவள் நான். இப்போது வேறொரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். அதனால் என்னிடம் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விக்குள் இரண்டு பயம் இருக்கிறது. முதல் பயத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "பிள்ளையை மதம் மாத்திடுவாங்களோ?" என்பது அது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிறிஸ்தவர்கள் மிகக் குறைவு. கோவிலூர், எலத்தகிரி, கந்திகுப்பம் மாதிரி சில ஊர்களில் பழைய பங்குகள், அதாவது தேவாலயச் சபைகள் உண்டு. ஓர் ஆயரின் பொறுப்பில் வரும் தருமபுரி மறைமாவட்டமே 1997இல்தான் தனியாக உருவானது. ஆகவே நிர்வாகம் செய்வது பாதிரியார்கள் அல்லது சிஸ்டர்கள் என்றாலும், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளைகள்தான். எங்கள் வீடும் அப்படித்தான். காலையில் ஒலிபெருக்கியில் ஒரு சின்ன ஜெபம். வாரத்தில் ஒரு மணி நேரம் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, எங்களுக்கு நீதிபோதனை. நீதிபோதனை நடக்கும்போது பாதி வகுப்பு அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருக்கும், அது வேறு கதை. டிசம்பரில் குடில் கட்டினோம், ஜனவரியில் அதே இடத்தில் பொங்கல் வைத்தோம்.

அமெரிக்காவில் இதே மாதிரி சின்ன ஊர்களில் சின்னக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு. அங்கே பல இடங்களில் சிற்றாலய வழிபாட்டுக்கு வருவது கட்டாயம். அதற்கும் வருகைப் பதிவு எடுப்பார்கள். இங்கே அப்படிச் செய்ய முடியாது. அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையத்தில், மாணவரின் சம்மதம் இல்லாமல், மைனராக இருந்தால் பெற்றோர் சம்மதம் இல்லாமல், மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது. அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. சிறுபான்மையினர் கல்வி நிலையம் நடத்தும் உரிமையைத் தருவது 30ஆவது பிரிவு. இரண்டும் ஒரே புத்தகத்தில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன.

இரண்டாவது பயம், "சின்ன காலேஜ் பட்டத்துக்கு மதிப்பு இருக்குமா?" கோயம்புத்தூரில் காருண்யா, பெங்களூரில் கிரைஸ்ட் மாதிரியான நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பட்டத்தைத் தாங்களே தருகின்றன. நம் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருப்பவை. தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் செமஸ்டர் வினாத்தாள் பல்கலைக்கழகத்தினுடையது, விடைத்தாள் திருத்துவதும் அவர்கள் ஏற்பாடு, பட்டச் சான்றிதழும் அவர்கள் தருவதுதான். தருமபுரி அரசு கலைக் கல்லூரிப் பிள்ளை வாங்குவதும் அதே பெரியார் பல்கலைக்கழகப் பட்டம்தான். பணம் கட்டுவதில் வித்தியாசம் உண்டு. சுயநிதிக் கல்லூரியில் கட்டணம் கூடத்தான். ஆனால் அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்த பெண்ணுக்குத் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் வரும். இது தெரியாமலே பலர் விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள்.

இதுவரை சொன்னதை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு. சின்னக் கல்லூரியில் உங்கள் பிள்ளையால் யார் கண்ணிலும் படாமல் இருக்க முடியாது. அதன் நன்மையும் தொல்லையும் இங்கிருந்துதான் வருகின்றன.

2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவீதம், தமிழ்நாட்டிலேயே கடைசி. எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரி. கல்லூரி போடுகிற இன்டர்னல் மார்க் 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு எக்ஸ்டர்னல் மார்க் 75 என்றால் வீட்டில் யாருக்கும் புரியாது. கல்லூரியிலிருந்து நின்றுவிட்டால் ஏன் நின்றாய் என்று கேட்கவும் ஆள் கிடையாது. இரண்டாம் ஆண்டில் தக்காளி விலை விழுந்தது. பறிக்கிற கூலி கூடக் கட்டாது என்று அப்பா தோட்டத்திலேயே விட்டுவிட்டார். நான் கல்லூரிக்குப் போகவில்லை. ஓசூரில் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள், வேன் வீட்டு வாசலுக்கே வரும் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரமே துறைத் தலைவர் மேடம் பக்கத்து வீட்டு நம்பருக்கு போன் போட்டு, "அவளை நாளைக்கு அனுப்புங்க, பீஸை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். முதல்வர் ஃபாதர் அப்பாவைக் கூப்பிட்டு, அடுத்த அறுப்பு வரைக்கும் தவணை போட்டுக் கொடுத்தார். ஆயிரக்கணக்கான பேர் படிக்கிற இடத்தில் நான் வராததே யாருக்கும் தெரிந்திருக்காது. வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போன பிறகு வருகைக் குறைவுக்காகக் கட்டுகிற கண்டோனேஷன் பணம் கேட்கும் பட்டியலில்தான் என் பெயரைப் பார்த்திருப்பார்கள்.

அதே கண்தான் வேறு விதமாகவும் பார்க்கும். பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனிடம் நோட்டு வாங்க ஐந்து நிமிடம் நின்று பேசினால் சாயங்காலத்துக்குள் அது துறைக்குப் போய், துறையிலிருந்து வீட்டுக்கும் போய்விடும். என் தோழி ஒருத்தியின் படிப்பு இதனாலேயே நிற்கப் பார்த்தது. அக்கறையால் போன் போட்டார்களா, கட்டுப்பாடு பண்ணப் போட்டார்களா என்று கேட்டால் போட்டவர்களுக்கே சொல்லத் தெரியாது. பையன்களின் வீட்டுக்கு அந்த போன் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

படிப்பிலும் சின்னது சின்னதுதான். விருப்பப் பாடம் என்று தாளில் மூன்று இருக்கும். நடத்த ஆள் இருப்பது ஒன்றுக்கு, அதுவே உங்கள் விருப்பம். காஸ்ட் அக்கவுண்டிங் எடுத்த மேடம் பிரசவ விடுப்பில் போனதும், வருமான வரி நடத்துகிற சார் அதையும் சேர்த்து நடத்தினார். நூலகத்தில் புத்தகத்தை விட கைடு அதிகம். வேலை வாய்ப்பு முகாமுக்குப் பெரிய நிறுவனங்கள் நம் ஊர் வரை வருவது அபூர்வம். இப்போது மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் நல்ல பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வேலைக்கான திறன் கற்றுத்தரும் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டப் பயிற்சியும் இருக்கிறது. சின்னக் கல்லூரிப் பிள்ளை இந்த இரண்டையும் விடவே கூடாது. கல்லூரியே செய்யும் என்று காத்திருந்தால் மூன்று வருடம் ஓடிவிடும்.

அப்போ சேர்க்கலாமா என்றால், கட்டடத்தையும் முகப்பில் இருக்கிற மாதா சிலையையும் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீடு இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். அங்கே படிக்கிற பிள்ளைகளைச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பிடித்து, "கிளாஸ் ஒழுங்கா நடக்குதா?" என்று கேளுங்கள். அவர்கள் கல்லூரியின் விளம்பரப் புத்தகம் மாதிரிப் பேச மாட்டார்கள். ஆபீஸ் அறையில் இன்னொன்றும் கேளுங்கள்: பிள்ளை சேரப்போகிற துறையில் ஐந்து வருடத்துக்கு மேலாக இருக்கிற ஆசிரியர்கள் எத்தனை பேர்? சுயநிதிக் கல்லூரிச் சம்பளம் பல இடங்களில் மிகக் குறைவு. நல்ல ஆசிரியர்கள் உதவிப் பேராசிரியர் தகுதிக்கான செட் தேர்வோ நெட் தேர்வோ எழுதி, வேறு இடத்தில் வேலை கிடைத்ததும் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வருடா வருடம் ஆள் மாறுகிற துறையில் உங்கள் பிள்ளையை யாருக்கும் தெரியாது. அப்படியொரு சின்னக் கல்லூரிக்குக் கூடுதல் பீஸ் கட்டுவதைவிட அரசுக் கல்லூரியின் அடுத்த சுற்றுக் கலந்தாய்வுக்குக் காத்திருக்கலாம்.

பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் இருந்து வருபவர்கள் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் விசாரித்துவிட்டு அப்புறம் பணத்தைக் கட்டுங்கள். நன்றி, வணக்கம்.