அக்கா போடாத மூன்றாம் முடிச்சு

சமூக மன்ற மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களே, இந்திய நற்பணிச் செயற்குழுத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி அமர்ந்த டாக்டர் அம்மா அவர்களே, கேட்ட மறுநாளே இந்தக் கூடத்தை ஒதுக்கித் தந்த அலுவலகத் தம்பிமார்களே, ஞாயிற்றுக்கிழமைச் சமையலைக் காலையிலேயே முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம். இரண்டாம் வரிசையில் என் தமிழாசிரியர் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, உங்கள் முன்னால் பேசுவது எனக்குப் பெரிய பாக்கியம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். பிறரோடு பழகுவதிலும் சத்தம், தொடுகை போன்றவற்றை உணர்வதிலும் வேறுபாடு தரும் ஆட்டிசமோ, கவனத்தை நிலைநிறுத்த விடாத ஏடிஎச்டியோ இருக்கும் பெண்களுக்கு அது ஏன் நாற்பது, ஐம்பது வயதில்தான் தெரியவருகிறது என்பது முதலாவது. தெரிந்த பிறகு மனநல ஆலோசனை எப்படித் துணை நிற்கிறது என்பது இரண்டாவது. கணவன்மார் என்ன செய்யவேண்டும் என்பது மூன்றாவது.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று நம் வீடுகளில் சொல்வோம். இந்தப் பெண்கள் ஐந்திலேயே வளைந்தவர்கள். வகுப்பில் சத்தம் போடாமல், பக்கத்துப் பிள்ளை சிரிக்கும்போது தானும் சிரித்து, கண்ணைப் பார்த்துப் பேசப் பழகி, ஊரே மெச்சும்படி வளைந்தார்கள். வளைந்ததால்தான் யார் கண்ணிலும் படவில்லை. 1943இல் டாக்டர் லியோ கேனர் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையில் 11 பிள்ளைகள். அவர்களில் பெண்கள் மூன்றே பேர். அப்புறம் பல காலம் இது பையன்களின் சமாச்சாரம் என்றே ஆகிவிட்டது. பெண்கள் மனச்சோர்வு, பதற்றம் என்று மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

என் அக்கா கதையைச் சொல்கிறேன். அவர் அனுமதி கொடுத்திருக்கிறார்.

எங்கள் தம்பி கல்யாணம். சிராங்கூன் சாலையில் கோயில் மண்டபம். மூத்த நாத்தனார் என்பதால் மூன்றாவது முடிச்சு அக்கா போடவேண்டும். பட்டுப்புடவை, கனகாம்பரம், கையில் குங்குமச் சிமிழ், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஐயர் 'கெட்டிமேளம்' என்று கையை உயர்த்துகிறார், தவில் இடிக்கிறது, தம்பி தாலியைக் கையில் எடுத்துவிட்டான், அக்காவைக் காணவில்லை! அம்மா என்னைப் பிடித்து முன்னால் தள்ள, முடிச்சை நான் போட்டேன். பிறகு தேடினால், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்துப் படிக்கட்டில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குங்குமச் சிமிழ் மடியிலேயே இருந்தது. 'தம்பி பெண்டாட்டி மேல் பொறாமை' என்றாள் ஒரு பெரியம்மா. பன்னிரண்டு வருடம் அந்தச் சொல் எங்கள் வீட்டில் குடியிருந்தது. ஏன் எழுந்து போனேன் என்று அக்காவுக்கே சொல்லத் தெரியவில்லை.

பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகளுக்கு இதற்கான பரிசோதனை என்று ஒரு படிவம் வந்தது. அதைப் படிக்கப் படிக்க அக்காவுக்குக் கை நடுங்கியது. அவருக்கு அப்போது 51. பரிசோதித்ததில் ஆட்டிசம், ஏடிஎச்டி இரண்டும் இருப்பதாகச் சொன்னார்கள். 2013 வரைக்கும் அமெரிக்க மனநலக் கையேடு இரண்டையும் ஒருவருக்கே சேர்த்துச் சொல்ல விடவில்லை. அறிக்கையை மடித்துவைத்துவிட்டு அக்கா கேட்டது ஒன்றுதான்: "அப்போ அது பொறாமை இல்லைதானே?"

ஆலோசனையின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. இது நோயை விரட்டும் சிகிச்சை அல்ல. கடந்துபோன வருடங்களை நினைத்து அழவேண்டும், கோபப்படவேண்டும். அப்போது துணைக்கு ஒருவர் வேண்டும். 'இப்போது மனசில் என்ன தோன்றுகிறது' என்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. அதனால் எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் வழக்கமான சிபிடி சிகிச்சையைக்கூட இவர்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றித்தான் தரவேண்டும். அன்றாட வேலைகளைச் செய்ய வழி பழக்கும் செயல்முறைச் சிகிச்சையாளர் அக்காவுக்குக் காதுக்குள் வைக்கும் சின்ன அடைப்பான் பழக்கிக்கொடுத்தார். இப்போது ஜிமிக்கியும் போட்டு, அடைப்பானும் வைத்துக்கொண்டு கல்யாணங்களுக்கு வருகிறார். மாதவிடாய் நிற்கும் வயதில் ஹார்மோன் குறையும்போது மறதியும் தடுமாற்றமும் கூடலாம். அதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். பரிசோதனைக்குச் சிறுவயது விவரம் வேண்டும். எங்கள் அம்மாவுக்கு 78, தமிழ் மட்டும்தான் தெரியும். கேள்விகள் எல்லாம் ஆங்கிலம். நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவள் நான். 'புலன் உணர்திறன் மிகை' என்று ஏதோ சொன்னேன். அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "துணி உறுத்துமா?" என்று வேறுமாதிரி கேட்டேன். உடனே சொன்னார்: "ஐயோ, உறுத்துதுன்னு அழுவாளே! பள்ளிக்கூடச் சட்டையில தையல் ஓரத்தையெல்லாம் பிரிச்சு, பழைய வேட்டித் துணியை உள்ளே வச்சுத் தச்சுக் கொடுப்பேன்." பாலர் வகுப்பிலிருந்து உயர்நிலை நான்கு வரைக்கும், ஒவ்வொரு சட்டைக்கும்.

பாருங்கள், சொல் நம்மிடம் இருக்கிறது. உறுத்தல். அந்தச் சொல்லைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஆலோசகர்தான் போதவில்லை. தமிழ் நம் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. அறிவிப்புப் பலகையில் இருக்கும் தமிழ், ஒரு பெண் மனசைத் திறக்கும் அறையிலும் இருக்கவேண்டாமா? உளவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் ஆலோசனை சொல்லவும் பயிற்சி வேண்டும். படிவங்களைத் தமிழில் தரவேண்டும். மேடையில் இருக்கும் பெரியவர்களிடம் இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

'ஊட்பிரிட்ஜுக்கா போறே' என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தப் பழைய மனநல மருத்துவமனை புவாங்கோக்கில் மனநலக் கழகமாகி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பலதுறை மருந்தகத்தில் கேட்டாலே வழி காட்டுவார்கள். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் 1771 என்ற எண் இருக்கிறது.

ஐம்பதில் வளையவேண்டிய முறை இப்போது நம்முடையது, குடும்பத்தாருடையது. கணவன்மார் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். வாசலில் ஒரு நோட்டு இருக்கிறது. தமிழில் பேசும் பெண்கள் குழு ஒன்று தொடங்கப்போகிறோம். பெயர் எழுதவேண்டாம், எந்தக் கிழமை தோதுப்படும் என்று மட்டும் எழுதுங்கள். கூட்டமும் சத்தமும் தாங்காதவர்களுக்கு மாடியில் ஓர் அறை, விளக்கைக் குறைத்து, மின்விசிறி மட்டும் போட்டு வைத்திருக்கிறோம். தேநீர் அங்கேயே வரும். அக்கா அங்கேதான் இருக்கிறார்.