கதவு திறக்க வேண்டும்

வணக்கம் நேயர்களே. பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள் என்றால் ஒரு கட்டத்தில் பெற்றோருக்கு அழைப்பு வரும். செட் போட ஆள் வேண்டும், யாராவது வர முடியுமா என்று கேட்பார்கள். என் பிள்ளைகள் மேடை ஏறிய காலம் முழுக்க அந்த வேலையில் இருந்தேன். அவர்கள் வளர்ந்து போன பிறகும் என்னால் அதை விட முடியவில்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

புதிதாக வருகிற அம்மா, அப்பா யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, "எனக்குப் படம் வரைய வராதே." வராவிட்டால் பரவாயில்லை. பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் நாடகத்தை முழுசாகப் படியுங்கள், கையில் ஒரு பென்சிலோடு. எந்த இடத்தில் பிள்ளை உட்காருகிறது, எதன் மேல் ஏறுகிறது, எதற்குப் பின்னால் ஒளிகிறது, எந்தப் பக்கமிருந்து ஓடி வருகிறது? அதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் கை படுகிற பொருள் ஒவ்வொன்றும் உறுதியாக இருக்க வேண்டும். கை படாதது துணியாக இருக்கலாம், அட்டையாக இருக்கலாம், இல்லாமலேகூட இருக்கலாம்.

என்னைக் கேட்டால் மேடையில் முக்கியமான பொருள் கதவு. அரண்மனையைவிட, காட்டைவிட, கப்பலைவிட கதவு முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு நாடகம். வெளியூர் போன தாத்தா வெகுநாள் கழித்து வீடு திரும்புகிறார், பேத்தி போய்க் கதவைத் திறக்கிறாள். முதலில் கதவைப் படுதாவில் வரைந்துதான் வைத்திருந்தார்கள். நல்ல ஓவியம், மரத்தின் ரேகைகூடத் தெரியும். ஆனால் பேத்தியாக நடித்த சிறுமி அதன் முன்னால் போய் வெறுங்கையைக் காற்றில் அசைக்க வேண்டியிருந்தது. ஒத்திகைக்கு ஒத்திகை குரல் இறங்கிக்கொண்டே போனது. "சத்தமாப் பேசும்மா" என்று ஆசிரியை சொல்லிக்கொண்டே இருந்தார்.

தச்சு வேலை தெரிந்த ஒரு தந்தை இருந்தார். நிஜக் கதவே போட்டுவிடலாம் என்றார் அவர். ரீப்பர் என்கிற மெல்லிய மரக்கட்டையில் சட்டம், அதற்குள் மெல்லிய பிளைவுட், மூன்று கீல், ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாளை நம் உயரத்துக்கு வைக்காமல் அந்தச் சிறுமியை நிறுத்தி, அவள் கை இயல்பாகப் போகிற உயரத்தில் வைத்தார். கதவு மேடைக்குள் திறக்காமல் பின்பக்கமாகத் திறக்கும்படி மாட்டினார். உள்ளே திறந்தால் கதவே ஆளை மறைத்துவிடும் பாருங்கள். கதவை இழுத்துச் சாத்தும்போது சுவர்த் தட்டி முழுக்க ஆடினால் பார்ப்பவர்களுக்கு அது சுவராகவே தோன்றாது. அதனால் பின்னால் முக்கோணமாக முட்டுக் கொடுத்து, அடியில் மணல் மூட்டை வைத்தார்.

அப்புறம் கதவு தட்டும் ஓசை. மெல்லிய பிளைவுட்டைத் தட்டினால் டொக்கென்று பெட்டியைத் தட்டுகிற மாதிரி கேட்கும். ஆகவே ஒரு தடித்த பலகையைத் தனியாக சைடு விங்கில், அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவில், நிறுத்தினோம். அதைத் தட்டுகிற வேலை, வசனமே கிடைக்காத ஒரு பையனுக்கு. அவன் அதை எவ்வளவு கவனமாகச் செய்தான் தெரியுமா? தாத்தா களைத்துப்போய் வருகிறார், மெதுவாகத்தான் தட்டுவார் என்று அவனே யோசித்துத் தட்டினான்.

இப்போது அந்தச் சிறுமியைப் பாருங்கள். தட்டும் ஓசை கேட்கிறது. கையில் இருந்ததைக் கீழே வைக்கிறாள், நடந்து போகிறாள், தாழ்ப்பாளைத் தூக்குகிறாள், தள்ளுகிறாள், ஆளைப் பார்க்கிறாள். "தாத்தா!" என்று அவள் கூப்பிட்டது கடைசி வரிசை வரை கேட்டது. குரலை உயர்த்தச் சொல்லி அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. கைக்கு ஒரு வேலை கிடைத்ததும் குரல் தானாக வந்தது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கதவு திறக்க வேண்டும். செட்டில் ஒரே ஒரு பொருளை மட்டும்தான் நன்றாகச் செய்ய நேரம் இருக்கிறது என்றால், பிள்ளை கையால் தொட்டு வேலை செய்யும் அந்தப் பொருளைச் செய்யுங்கள்.

எடையையும் சொல்ல வேண்டும். எட்டடிக்கு நாலடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் முழுப் பலகை சுமார் 30 கிலோ இருக்கும். காட்சிக்குக் காட்சி அதை நகர்த்தப் போவது பிள்ளைகள். ஆகவே சுவருக்குப் பலகை வேண்டாம். ரீப்பர் சட்டத்தில் காடாத் துணியை இழுத்துக் கட்டி வண்ணம் பூசினால் போதும், இரண்டு பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஏறி நிற்கிற மேடைக்கு மட்டும் கனமான பலகை. அதில் முதலில் நீங்கள் ஏறிக் குதித்துப் பாருங்கள், பிறகு பிள்ளையை ஏற்றுங்கள். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பல நாடகங்களில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள்.

அடுத்தது நிழல். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மேடைக்கு அந்தக் கால அளவான கோல் கணக்கில் அளவு சொல்லியிருக்கிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரை. அதோடு இன்னொன்றும் இருக்கிறது, தூணின் நிழல் ஆடுகிற இடத்தில் விழாமல் வெளியே போகும்படி விளக்கு வைக்க வேண்டுமாம். செட் போடுகிற எல்லோரும் இந்த இடத்தைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. வண்ணம் தீட்டிய வானத்தின் மேல் ஆள் நிழல் விழுந்தால் அது வானமாக நிற்காது, துணியாகிவிடும். படுதாவுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நாலைந்து அடியாவது இடம் விடுங்கள். நேர் முன்னாலிருந்து வரும் விளக்கைக் குறைத்து, பக்கவாட்டில், உயரத்திலிருந்து கொடுங்கள்.

அந்த இடைவெளிக்கு வேறொரு பயனும் உண்டு. இத்தாலியக் கட்டடக் கலைஞர் செர்லியோ என்பவர் 1545-இல் பாரிஸில் வெளியிட்ட கட்டடக்கலை நூலில் மேடைக்காக மூன்று காட்சிகள் வரைந்து காட்டியிருக்கிறார். வீடுகள் பின்னால் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். பார்க்க ஆழமான தெரு மாதிரி இருக்கும். ஆனால் நடிகர் முன்பக்கத்திலேயே நிற்க வேண்டும். பின்னால் போய் நின்றால் கூரையை விட உயரமாகத் தெரிவார். பிள்ளைகள் நாடகத்திலும் இது நடக்கும். தூரத்து மலையை ஒட்டி ஒரு பிள்ளை நின்றால் மலை அவள் தோளுக்குத்தான் வரும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டுகிறார்கள். வண்ணத்தைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: மேடை விளக்கைப் போட்டுப் பார்க்காமல் எந்த வண்ணத்தையும் முடிவு செய்யாதீர்கள், வெயிலில் பார்க்கிற பச்சை சிவப்பு விளக்கில் கறுத்துவிடும்.

தீ பற்றியும் விட முடியாது. சிகாகோவில் 1903 டிசம்பர் 30-ஆம் தேதி இராக்வாய் அரங்கில், ஒரு விளக்கிலிருந்து மேடைத் திரைத்துணியில் தீப்பற்றி 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் குழந்தைகள், விடுமுறைப் பகல் காட்சி பார்க்க வந்தவர்கள். சூடான விளக்குப் பக்கத்தில் துணி, தெர்மோகோல், காகிதம் எதுவும் வேண்டாம். வெளியேறும் கதவுக்கு முன்னால் உங்கள் செட்டின் ஒரு துண்டுகூட நிற்கக் கூடாது. அந்தக் கதவும் திறக்க வேண்டும்.

கடைசியாக, செட்டைப் பிரிக்கிற நாளுக்குப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். ஆணி அடிக்காமல் ஸ்க்ரூ போட்டிருந்தால் அவர்களே கழற்றிவிடுவார்கள். கீல்களையும் ஸ்க்ரூக்களையும் டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதி, தட்டிகளைச் சுவரோரம் சாய்த்து வைத்தால் அடுத்த நாடகத்துக்கு வருகிற பெற்றோருக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.