மத்தளத்துக்கும் ஒரு பங்கு

விழாத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, கலாசார உத்தியோகத்தர் அவர்களே, ஆலயங்களை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கூத்து ஆசான்களான அண்ணாவிமாரே, விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலிருந்து வந்திருக்கும் மாணவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

பிரதேச செயலாளர் அவர்கள் காலையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் ஒன்றை முடித்துவிட்டு, சாப்பிடக்கூட நேரமில்லாமல் நேரே இங்கே வந்திருக்கிறார். அதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். வண்ணக்கர்மார் வந்திருப்பதில் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. கும்பாபிஷேகத்துக்கு ஓர் இறுவட்டு, சடங்குக்கு ஒரு காவியப் பதிவு என்று எங்கள் சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தின் விளக்கை அணையாமல் வைத்திருந்தவர்கள் அவர்கள்தான்.

எனக்குத் தந்த தலைப்பு ‘இசைத் தயாரிப்பில் கலையும் வியாபாரமும்’. மூன்று விடயங்கள் பேசலாம் என்று வந்தேன்: கலைஞனுடைய சுதந்திரம், சந்தையின் தேவை, இணையம் கொண்டுவந்த மாற்றம்.

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்று என் தகப்பனார் அடிக்கடி சொல்வார். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்தவர் அவர். அப்படிச் சொன்னாரே தவிர, கணக்குப் பார்க்காமல் ஒரு போகமும் இருந்ததில்லை. விதைநெல், உரம், வெட்டுக்கூலி எல்லாம் கொப்பியில் இருக்கும். பாட்டுக்காரன் மட்டும் கணக்குப் பார்த்தால் ஏன் முகம் சுளிக்கிறோம்? காசைப் பற்றிப் பேசினால் கலைக்குத் தீட்டு என்று நினைக்கிறோம். இந்த எண்ணத்தால் நம்முடைய கலைஞர்கள் பட்டது போதும்.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளார் எந்தச் சந்தையையும் மனதில் வைத்து ‘யாழ் நூல்’ எழுதவில்லை. பழந்தமிழ் யாழ்களைப் பற்றிய பல ஆண்டு ஆராய்ச்சி அது. 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். அந்த உழைப்புக்கு விலை போட யாராலும் முடியாது. ஆனால் அதை அச்சிட்டு வெளியிடக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் முன்வந்தது. தாளுக்கும் மைக்கும் யாரோ காசு கொடுத்தார்கள். அட்டையில் அடிகளாரின் பெயர் இருந்தது. அந்தப் பெயர் விடயத்துக்குத்தான் நான் வரப்போகிறேன்.

சரி, ஒரு கதை சொல்கிறேன். மண்முனைப் பாலம் வருவதற்கு முந்திய காலம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து ஓர் அண்ணாவியார் ‘பாதை’ எனும் மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து, எங்கள் கூடத்துக்கு வந்தார். வயது எழுபதுக்கு மேல். மத்தளத்தைப் பழைய வேட்டியில் சுற்றி, பேரனின் தோளில் கொடுத்திருந்தார். பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஒரு தயாரிப்பாளர், தான் எடுத்த பாட்டுத் தொகுப்புக்கு வடமோடிக் கூத்தின் வரவுத் தாளம், அதாவது ஒரு பாத்திரம் களரிக்கு வரும்போது அடிக்கும் தாளம், வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்காகத்தான் அழைத்தோம்.

ஹெட்போனை மாட்டிவிட்டு, கணினியின் ‘டிக் டிக்’ ஓசைக்கு அடிக்கச் சொன்னேன். நாலு தரம் முயன்றார். நாலு தரமும் தாளம் விலகியது. வெளியே வெயில், உள்ளே சுவர் முழுக்கப் படுக்கை விரிப்பும் முட்டைத் தட்டும், மின்விசிறியும் போட முடியாது. வியர்த்துக் கொட்டுகிறது. ஐந்தாம் தரம் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

“மனே, இந்தச் சத்தம் மூச்சு விடுதில்ல. ஆடுறவன்ட காலப் பாத்துத்தான் நான் அடிக்கிற. அந்தக் கால் இஞ்ச எங்க?” என்றார்.

எனக்குப் பதில் இல்லை. அவர் பேரனைப் பார்த்தார். பையன் பைக்குள்ளிருந்து சதங்கையை எடுத்துக் கட்டினான். அது எதற்காக வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அண்ணாவியாருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. கணினி ஓசையை நிறுத்தினேன். எட்டடிக்குப் பத்தடி அறைக்குள் அந்தப் பிள்ளை ராசா வரவு ஆடினான். கிழவர் அடித்தார். மெல்லத் தொடங்கி, கால் விரைய விரைய மத்தளமும் விரைந்து, கடைசியில் தாளம் தீர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே அயலட்டை முழுக்க நின்றது. மைக்கில் சதங்கை ஒலியும் கலந்துவிட்டது. தொழில் முறைப்படி அது பிழை. நான் பதிந்ததிலேயே சிறந்த பதிவு அதுதான். அதை அழிக்கவில்லை, அப்படியே கொடுத்தேன்.

அண்ணாவியாருக்கு 1500 ரூபாவும் ஒரு சோற்றுப் பார்சலும் கிடைத்தன. ஒரு கடதாசியிலும் அவர் பெயர் எழுதப்படவில்லை. எழுதும்படி நானும் கேட்கவில்லை. அது என் குற்றம்.

மறுகா நடந்ததைக் கேளுங்கள். அந்தத் தாளத்தை நாலு விநாடித் துண்டாக வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, வேறு பாட்டுகளுக்குள் வைத்தார்கள். ஒரு நாள் தேநீர்க் கடையில் அவர் அதைக் கேட்டிருக்கிறார். “இது நான் அடிச்சது” என்று சொன்னாராம். ஒருவரும் நம்பவில்லை. அந்தச் சதங்கை தன்னுடையது என்று பேரன் பள்ளிக்கூடத்தில் சொன்னான். அங்கேயும் நம்பவில்லை. கிழவர் என்னிடம் காசு கேட்டு வரவில்லை. “அந்தப் புள்ளைக்காக ஒரு துண்டு எழுதித் தா மனே” என்றுதான் கேட்டு வந்தார்.

சந்தையைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரம் போதாது. தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஒன்று மட்டும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன். ஸ்பாடிஃபையில் ஒரு பாட்டை 30 விநாடி கேட்டால்தான் அது ஒரு தரம் கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், 12 மாதத்தில் 1000 தரம் கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசு இல்லை. அதனால் முன்னிசையைச் சுருக்கி எடுத்த எடுப்பிலேயே பல்லவிக்குப் போகிறார்கள். பிழைப்புக்காகச் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மெல்லத் தொடங்கி ஏறுகிற நம் வரவுத் தாளம் அந்த 30 விநாடிக்குள் அடங்காது. அதை முழுமையாக ஒரு பதிப்பும், சுருக்கி ஒரு பதிப்பும் வெளியிடுங்கள். இரண்டுக்கும் கேட்பவர் உண்டு.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாதாம். இசையில் உழுதவனுக்குக் கணக்குக் கொப்பியே கொடுக்கப்படவில்லை. பாட்டு ஓடாவிட்டால் பங்கு கேட்க யாரும் வர மாட்டார்கள். ஓடினால், அடித்தவருக்கும் ஆடியவருக்கும் அதில் ஒரு துளி போக வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. நிகழ்த்துகிற கலைஞருக்கும் அதில் உரிமை உண்டு. நாட்டார் கலை வடிவங்களுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. சட்டம் இருந்தும், கையில் ஒரு கடதாசி இல்லாமல் அண்ணாவியார் எங்கே போய் நிற்பார்?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒரே ஒரு பக்கப் படிவம் தயாரித்திருக்கிறேன். கலைஞரின் பெயர், ஊர், என்ன வாசித்தார், எத்தனை ரூபா, பிறகு வருமானம் வந்தால் நூற்றுக்கு எத்தனை, தாளத்தை வெட்டி வேறு பாட்டில் வைக்கலாமா கூடாதா. அவ்வளவுதான். பதிவுக்கு முன் இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். பிரதேச செயலாளர் அவர்களே, இந்தப் படிவம் ஒவ்வொரு கலாசார உத்தியோகத்தரின் மேசையிலும் இருக்க நீங்கள் உதவ வேண்டும். வண்ணக்கர்மாரே, அடுத்த சடங்குக்கு இறுவட்டு எடுக்கும்போது, பறை அடித்தவர், உடுக்கு அடித்தவர் எல்லோருடைய பெயரையும் அட்டையில் போடுங்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் றபான் என்ற கைப்பறை அடிக்கும் கலைஞர்களுக்கும் இதே படிவம்தான்.

பிரதிகள் வாசலில் மேசைமீது இருக்கின்றன. முதலாவதை நான் பழைய திகதியிட்டு நிரப்பிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். அண்ணாவியார் இப்போது இல்லை. சதங்கை கட்டிய அந்தப் பிள்ளை இந்த மண்டபத்தில் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். தாத்தாவின் மத்தளத்தையும் கொண்டுவந்திருக்கிறார். தம்பி, மேடைக்கு வாருங்கள்.