பாறுக்கு ஆகாத ஊசி

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் கால்நடை மருத்துவன். சத்தியமங்கலம், பவானிசாகர் பக்கத்துக் காட்டோர ஊர்களில் நெடுநாள் வேலை பார்த்தேன். காட்டைச் சார்ந்து வாழும் பாறு என்ற பறவையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஆனால் பேச்சை ஒரு மாட்டுக் கொட்டகையில்தான் தொடங்க வேண்டும்.

1990-களின் கடைசி. மூணு நாள் காய்ச்சல் பரவிய காலம். காட்டோரத் தோட்டம் ஒன்றில் ஒரு கறவை மாடு படுத்துவிட்டது. வீட்டுக்கார அம்மா அதன் கழுத்தைத் தடவியபடி, "ஏனுங் டாக்டரு, எந்திரிக்கவே மாட்டீங்குதுங்க. நோவு தெரியாம இருக்கறதுக்காச்சும் ஒரு ஊசி போட்டு உடுங்க" என்றார். டைக்ளோஃபினாக் போட்டேன். விலை மலிவு, உடனே கேட்கும். மறுநாள் மாடு எழுந்து தீனி தின்றது. அந்த அம்மாவின் முகம் இன்றும் நினைவிருக்கிறது.

எழாத மாடுகளும் இருந்தன. அவற்றுக்கும் அதே ஊசிதான். செத்த பிறகு வழக்கப்படி தோலை உரித்துக்கொண்டு, ஊருக்கு வெளியே பள்ளத்தில் இழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்தப் பள்ளத்துக்கு மேலே வட்டமிட்ட பறவைகளை அந்நாளில் நான் கவனித்ததில்லை.

அவைதான் பாறுகள். சங்கப் பாடல்களில் போர்க்களத்துக்கு மேலே பறக்கும் பாறு. நம் ஊரில் பிணந்தின்னிக் கழுகு என்பார்கள். பருந்து, கழுகு, வல்லூறு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, கோழிக்குஞ்சைத் தூக்கும் என்று விரட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. பாறு எதையும் தூக்காது. அதன் நகம் மழுங்கியது, கால் தரையில் நடக்க ஏற்றது. செத்ததை மட்டுமே தின்னும். நான்கு வகைப் பாறுகள் நம் பக்கம் உண்டு: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு. இவற்றில் வெண்முதுகுப் பாறுதான் நம் காட்டில் கூட்டமாக வாழ்வது.

தெங்குமரஹாடாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பவானிசாகரிலிருந்து காட்டு வழியே போய், மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். அந்த ஆற்றோரம் நிற்கிற ஓங்கிய நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வேலையைத் தொடங்கும். ஆண்டுக்கு ஒரே முட்டை. தாயும் தகப்பனும் மாறிமாறி ஒன்றரை மாதத்துக்கு மேல் அடைகாக்கும். குஞ்சு பொரித்து வெளியே வந்தபின் இன்னும் மூன்று மாதம் போலக் கூட்டிலேயே இருக்கும். அது வளர்ந்து தானும் முட்டையிட ஐந்து ஆண்டு வரை ஆகும். இவ்வளவு நிதானமாகப் பெருகுகிற இனத்தில் வளர்ந்த பறவை ஒன்று செத்தால், அந்த இடம் நிரம்ப எத்தனை ஆண்டு ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பாறுக்கு மோப்பம் உதவாது, கண்தான் எல்லாம். வெயில் ஏறி, சூடான காற்று மேலெழும்போதுதான் அந்தப் பெரிய சிறகு வானில் நிற்கும். அதனால் விடியலில் மரத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஒன்று இறங்கினால் தொலைவில் பறப்பவை அதைப் பார்த்து இறங்கும். அவற்றைப் பார்த்து மற்றவை. புலியோ செந்நாயோ விட்டுப்போன மானைக் கொஞ்ச நேரத்தில் எலும்பாக்கிவிடும். இறங்கவும் ஓடி எழும்பவும் திறந்த வெளி வேண்டும். மழை மறைவான மாயாற்றுப் பள்ளத்தாக்கின் முள்காடு அதற்கு ஏற்ற இடம். சீமைக்கருவேலும் உண்ணிச்செடியும் அந்த வெளியை மூடிக்கொண்டு வருவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

1990-களில் ராஜஸ்தானின் பரத்பூரில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர், பாறுகள் கழுத்துத் தொங்கி உட்கார்ந்து, பிறகு செத்து விழுவதைக் கண்டார். ஆண்டுக்காண்டு எண்ணிக்கை சரிந்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்தில் ஒன்றே மிஞ்சியது. காரணம் 2004-ல்தான் உறுதியானது. பாகிஸ்தானில் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தவர்கள், உள்ளுறுப்புகளில் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருந்ததைக் கண்டார்கள். சிறுநீரகம் செயலிழந்திருந்தது. அவற்றின் உடம்பில் இருந்த மருந்து டைக்ளோஃபினாக்.

அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

ஒரு மருத்துவனாக இதன் கணக்கை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஊசி போட்ட மாடு பிழைத்தால் சில நாட்களில் மருந்து உடம்பை விட்டுப் போய்விடும், யாருக்கும் கெடுதல் இல்லை. ஊசி போட்ட ஓரிரு நாளில் செத்தால் மருந்து ஈரலிலும் சிறுநீரகத்திலும் அப்படியே நிற்கும். நாம் அதிகமாக ஊசி போடுவது எந்த மாட்டுக்கு? சாகக் கிடக்கிற மாட்டுக்குத்தான். பாறுகள் கூட்டமாகத் தின்பவை. ஒரே பிணத்தில் ஐம்பது இறங்கினால் ஐம்பதுக்கும் ஆபத்து. நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே அவ்வளவு பெரிய அழிவு நடக்கப் போதும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மாட்டின் நோவு தீரட்டும் என்ற இரக்கத்தில் போட்ட ஊசி அது. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தெரிந்தபின்னும் போட்டால்தான் குற்றம்.

மாயாற்றில் எப்படிக் கொஞ்சம் மிஞ்சின? என் எண்ணத்தில், காட்டு விலங்குகளின் பிணம்தான் காத்தது. மானுக்கும் காட்டெருமைக்கும் யாரும் ஊசி போடுவதில்லை. 1,408 சதுர கிலோமீட்டர் சத்தியமங்கலம் புலிகள் காப்பகமும், ஆற்றுக்கு மறுகரையில் முதுமலையும் இருப்பதால் அந்த இரை கிடைக்கிறது.

2006-ல் மாட்டு வைத்தியத்துக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. பிறகும் மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் அந்தக் குப்பியை 3 மில்லிக்குச் சுருக்கினார்கள். மாட்டுக்குப் பல குப்பி உடைக்க வேண்டும், கட்டுப்படியாகாது. நல்ல யோசனை அது. 2023-ல் அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளும் கால்நடைக்குத் தடையாயின. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். நிமிசுலைடும் ஃப்ளூனிக்சினும்கூட பாறுக்கு ஆகாதவை. ஆகும் மருந்து இரண்டு: மெலாக்சிகாம், டோல்ஃபெனாமிக் அமிலம். மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் இவை போதும், நானே பல ஆண்டு போட்டுப் பார்த்தவன்.

ஆகவே மாடு வளர்ப்பவர்களே, குப்பியில் என்ன பெயர் இருக்கிறதென்று படித்துப் பாருங்கள். ஊசி போட வருபவரிடம் மெலாக்சிகாம் போடச் சொல்லிக் கேளுங்கள், தவறாக நினைக்க மாட்டார். கன்றைச் சிறுத்தை அடித்துவிட்டால் ஆத்திரம் வரும், எனக்குப் புரிகிறது. அந்தப் பிணத்தில் பூச்சிமருந்தை ஊற்றிவிடாதீர்கள். சிறுத்தை வருவதற்கு முன் பாறு வரும். வனத்துறையிடம் சொல்லுங்கள், இழப்பீட்டுக்கு வழி இருக்கிறது.

இது தை மாதம். மாயாற்றோர நீர்மருதுகளில் இப்போது குஞ்சுகள் இருக்கின்றன. காலை ஒன்பது, பத்து மணி வெயிலுக்கு இரை தேடி ஒரு பறவை கிளம்பும், மற்றது கூட்டில் காவலிருக்கும். கிளம்பியது காட்டுக்குள்ளேயே சுற்றும் என்றில்லை. பவானிசாகர், சிறுமுகைப் பக்கம் உங்கள் தோட்டத்துக்கு மேலேயும் வரலாம்.

நன்றி. வணக்கம்.